சமம் என்றால் சலுகை எதற்கு?

கேள்வி: துணிக்கடை வைத்திருக்கிறேன். வேலை செய்யும் 24 பேரில் 17 பேர் பெண்கள். இன்று பெண்கள் போகாத வேலையே இல்லை. ஆனாலும் உட்கார நாற்காலி, இரவில் வண்டி, ஆறு மாதப் பிரசவ விடுப்பு என்று சட்டத்துக்கு மேல் சட்டம் வருகிறது. ஆணுக்குச் சமம் என்பவர்களுக்குச் சலுகை எதற்கு?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நாற்காலியிலிருந்தே தொடங்குகிறேன். அது உங்கள் கடைக்குள் இருக்க வேண்டிய பொருள்.

2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பெண்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. உங்கள் கடையில் இருக்கும் ஏழு ஆண்களுக்கும் அது சேர்த்துத்தான். இதற்கு முன்பே, 2018-ல், கேரளம் இப்படி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அங்கே அதற்காகத் தெருவில் இறங்கியவர்கள் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி. விஜி என்ற தையல்காரர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பதுதான் முதலில் கேட்டது. அது நாற்காலி வரை வந்து சேரப் பல வருடம் ஆனது. பெண்கள் போராடியதால் ஆண்களுக்கும் கால்வலி குறைகிறது. இதில் சலுகை எங்கே இருக்கிறது?

போன தீபாவளிக்கு முன் ஒரு பெரிய கடையில் புடவை எடுக்கப் போயிருந்தோம். நாங்கள் மெத்தையில் உட்கார்ந்திருந்தோம். எடுத்துப் போட்ட பெண்ணுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முப்பது புடவையாவது பிரித்துக் காட்டியிருப்பார். நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து, இன்னொரு காலின் மேல் வைத்து, அலமாரியில் லேசாகச் சாய்ந்தார். ஒரு நிமிடம் கூட இல்லை. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் கால் செருப்புக்குள் போய்விட்டது. என் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது, “வேண்டாங்க்கா, பாத்ரூம் நாலாவது மாடியில இருக்கு” என்றார். காலை ஒன்பதரைக்கு வந்தவர், அப்போது இரவு எட்டு மணி. சமம், சலுகை என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, இரவு வண்டி. 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-வது பிரிவு, பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பாதுகாப்புதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தப் பாதுகாப்பு இரவு ஷிப்டையும் அதில் கிடைக்கும் கூலியையும் பெண்ணிடமிருந்து பறித்தது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. வேலை செய்யும் உரிமையும் வீடு போய்ச் சேரும் வழியும் ஒரே தீர்ப்பில் சேர்ந்து வந்தவை. வண்டியை மட்டும் தனியே பிரித்துச் சலுகைக் கணக்கில் எழுதாதீர்கள். 2019-20 தொழில் ஆய்வின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கம்பெனி பஸ் நிற்கும் முனையிலிருந்து வீடு வரைக்குமான இருட்டு அவர்களுக்குத் தினசரிப் பிரச்சினை.

பிரசவ விடுப்புக்கு வருகிறேன். 2017-ல் அது 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 24 பேர் வேலை செய்யும் கடை என்றால் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வந்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு அந்த 26 வாரப் பணத்தை ஈஎஸ்ஐ தருகிறது. உங்கள் கல்லாவிலிருந்து போவதில்லை. உங்கள் ஊழியர்கள் பெயரில் பணம் கட்டுகிறீர்கள்தானே?

பிரசவ விடுப்புச் சட்டத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. குழந்தைக்கு அப்பாவும் ஒருவர் இருக்கிறார் என்பதை அது கண்டுகொள்ளவே இல்லை. தனியார் வேலையில் இருக்கும் தகப்பனுக்கு ஒரு நாள் விடுப்பைக்கூட அது தரவில்லை. அதனால்தான் இன்டர்வியூவில் பெண்ணிடம் மட்டும் “கல்யாணம் எப்போ?” என்று கேட்கிறார்கள். விடுப்பு இரண்டு பேருக்கும் இருந்தால் அந்தக் கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் கேட்க யாருக்கும் காரணம் இருக்காது. பெண்ணுக்குக் கொடுத்ததைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், ஆணுக்கும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

பெண்கள் எல்லா வேலைக்கும் வந்துவிட்டார்கள் என்கிறீர்கள். வீட்டு வேலைக்கு ஆண்கள் வந்தார்களா? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். செய்யும் ஆண்கள் 88 நிமிடம். உங்கள் கடையில் ஒன்பதரைக்கு நிற்கும் பெண் அதற்குள் சோறு வடித்து, டிபன் கட்டி, துணி துவைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் ஆணும் அதே ஒன்பதரைக்குத்தான் வந்தார். இரண்டு பேருக்கும் அன்றைய நாள் ஒரே நேரத்தில் தொடங்கவில்லை.

உங்கள் கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்த 17 பேருக்கும் மற்ற 7 பேருக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்தானா? கடையில் எத்தனை ஸ்டூல் இருக்கிறது? அடுத்த கடிதத்தில் இரண்டையும் எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.