காணிக்கைப் பையும் கல்லாப்பெட்டியும்: கேள்வி பதில்

வாரநாளெல்லாம் வங்கியில் அடுத்தவர் காசை எண்ணினேன்; ஞாயிறு மதியம் சபைக் காணிக்கையை எண்ணினேன். பதினெட்டு வருடம் சேகரப் பொருளாளராக இருந்தவன் (சேகரம் என்பது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள்). அந்தத் தைரியத்தில்தான், கிறிஸ்தவ விசுவாசத்தை வைத்துப் பணம் பண்ணுவது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வசனங்கள் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

கேள்வி: ஐயா, "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று ஆண்டவரே சொல்லியிருக்க, போதகருக்குச் சம்பளம் எதற்கு?

பதில்: அது மத்தேயு 10:8. இரண்டே வசனம் தள்ளிப் படியுங்கள்: "வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரனாயிருக்கிறான்." பேசியவரும் ஒருவரே, பேச்சும் ஒன்றே. குணமாக்குவதற்கு விலை கிடையாது. குணமாக்கப் போகிறவனுக்குச் சோறு உண்டு. இந்த விஷயத்தில் எதைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். காசு உழைப்புக்குப் போகிறதா, கிருபைக்கு விலையாகப் போகிறதா? காசில்லாத ஒருவர் வந்து நின்றால் அவருக்கும் அதே பொருள் கிடைக்குமா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அப்போஸ்தலன் பவுலின் கதை இதில் சுவாரஸ்யமானது. 1 கொரிந்தியர் 9-ல், சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்கள் அதனாலே பிழைக்க உரிமை உண்டென்று வக்கீல் மாதிரி வாதாடுகிறார். வாதாடி ஜெயித்தபின், ஆனால் எனக்கு அது வேண்டாம் என்கிறார். கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் பண்ணிப் பிழைத்தார். அதே மனுஷன் பிலிப்பி சபை அனுப்பியதை வாங்கிக்கொண்டார். என் ஊகம், கொரிந்துவில் கை நீட்டியிருந்தால் கொடுத்தவர்களுக்கு முன்னால் அவர் வாயடங்க வேண்டியிருந்திருக்கும். நான் அறிந்த ஒரு சபையில் பெரிய காணிக்கை கொடுக்கும் குடும்பம் ஒன்று வட்டிக்கு விட்டுப் பிழைத்தது. அந்தப் பிரசங்க பீடத்தில் வட்டியைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. எங்களில் போதகரான ஆயருக்குச் சம்பளம், சேகரங்களுக்கெல்லாம் மேலான திருமண்டல அலுவலகத்திலிருந்து வருவதும், சேகரங்கள் தங்கள் பங்கை அங்கே கட்டுவதும் இந்த ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. கொஞ்சம்தான்.

கேள்வி: தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை) பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளத்தில் கொடுக்க வேண்டுமா, மொத்தச் சம்பளத்திலா?

பதில்: வருடத்துக்கு நாற்பது பேராவது என்னிடம் கேட்ட கேள்வி! தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐ எல்லா மேடையிலும் கேட்கிறோம். உபாகமம் 14-ன் கடைசி இரண்டு வசனத்தை யாரும் வாசிப்பதில்லை. மூன்றாம் வருடத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்யும் லேவியனுக்கு மட்டுமல்ல, பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போக வேண்டும். அவர்கள் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். பத்தில் ஒன்று கேட்கிற சபை இந்தக் கணக்கையும் காட்டட்டும். புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்குப் பவுல் சதவீதம் எதுவும் சொல்லவில்லை, "அவனவன் தன் மனதில் நியமித்தபடியே" என்றார். அமெரிக்காவில் பல வருடம் தசமபாகத்தைக் கண்டிப்பாகப் போதித்த கிரெஃப்ளோ டாலர் என்ற போதகர், 2022-ல் தன் போதனை தவறு என்று மேடையிலேயே சொல்லி, அது பற்றிய தன் பழைய புத்தகங்களையும் ஒலிநாடாக்களையும் தூக்கிப் போடச் சொன்னார். ஏற்கெனவே கொடுத்தவர்கள் அதைக் கேட்டு என்ன நினைத்தார்களோ.

கேள்வி: அண்ணே, அம்மா பென்ஷன் பணத்திலிருந்து டிவியில் பிரசங்கிக்கும் ஓர் ஊழியருக்கு மாதாமாதம் அனுப்புகிறார்கள். "விதைத்தால் நூறு மடங்கு" என்கிறார்கள். ஜெப எண்ணெய் பாட்டில் தபாலில் வருகிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாயிருக்கிறது.

பதில்: முதலில் மாத்திரை. அதில் விட்டுக்கொடுக்காதீர்கள், தம்பி. சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று மந்திரத் தாயத்து வகைகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடத்து மத்தியச் சட்டமே தடுக்கிறது. பாட்டிலோடு வரும் சீட்டில் நோயின் பெயர் போட்டிருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது விதை விஷயம். இதைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் டிவி பிரசங்கியார் ஓரல் ராபர்ட்ஸ். 1987-ல், மார்ச் மாதத்துக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கர்த்தர் தன்னை எடுத்துக்கொள்வார் என்று அறிவித்தார். கடைசி நேரத்தில் 13 லட்சம் டாலர் கொடுத்துக் காப்பாற்றியவர் ஃபுளோரிடாவில் நாய்ப் பந்தய மைதானம் வைத்திருந்த ஒருவர். சூதாட்டக் காசு என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இன்னொரு டிவி பிரசங்கியார் ஜிம் பேக்கர் கதை இன்னும் பெரியது. தென் கரோலினாவில் கிறிஸ்தவக் கேளிக்கைப் பூங்கா கட்டினார். ஆயிரம் டாலர் கட்டினால் வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு மூன்று இரவு இலவசத் தங்கல் என்று டிவியில் விற்றார். விற்ற அளவுக்கு அறைகளே இல்லை. 1989-ல் 24 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி, 45 வருடச் சிறை. மேல்முறையீட்டுக்குப் பின் தண்டனை குறைந்து 1994-ல் வெளியே வந்தார். கவனியுங்கள், ஆசீர்வாதத்தை விற்றதற்காக அவர் உள்ளே போகவில்லை, இல்லாத அறையை விற்றதற்காகப் போனார். அறை வரவில்லை என்று நிரூபிக்கலாம். நூறு மடங்கு வரவில்லை என்றால் "உங்கள் விசுவாசம் போதவில்லை, அம்மா" என்று முடித்துவிடுவார்கள். சரக்கு வந்து சேராததற்கு வாங்கினவரே குற்றவாளி ஆகிற வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான்.

அம்மாவிடம் இந்தக் கதைகளைச் சொல்லி அவமானப்படுத்தாதீர்கள். 2 இராஜாக்கள் 5-ஐச் சேர்ந்து வாசியுங்கள். குஷ்டம் குணமான நாகமான் கொண்டுவந்த வெள்ளியைத் தீர்க்கதரிசி எலிசா தொடவில்லை. பின்னாலேயே ஓடிப்போய், எஜமான் கேட்டதாகப் பொய் சொல்லி வாங்கியவன் அவருடைய வேலைக்காரன் கேயாசி. குஷ்டம் யாருக்கு வந்தது என்று அம்மாவுக்கே தெரியும். அப்புறம் ஒன்று: தனியாக இருக்கிற அம்மாவுக்கு மாதாமாதம் பெயர் போட்டுக் கடிதம் எழுதுகிறவர் அந்த ஊழியர்தான். நீங்கள் எத்தனை நாளைக்கு ஒருமுறை பேசுகிறீர்கள்?

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். பங்கு அலுவலகத்தில் பூசைக்கருத்துக்கு (நம் வேண்டுதலுக்காகப் பூசை வைப்பதற்கு) இவ்வளவு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இது விற்பனை இல்லையா?

பதில்: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). ஆனாலும் உங்கள் திருச்சபைச் சட்டப் புத்தகத்தை மரியாதையோடு படித்திருக்கிறேன். நம் இரண்டு பக்கத்திலும் இதை எழுத்தில் ஒழுங்காக யோசித்தவர்கள் உங்கள் ஆட்கள்தான். 947-ஆம் விதி, பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூடத் தெரியக்கூடாது என்கிறது. காணிக்கை இல்லாவிட்டாலும் ஏழைகளின் கருத்துக்காகப் பூசை வைக்க வேண்டுமென்று 945 பலமாகப் பரிந்துரைக்கிறது. ஒரே நாளில் பல பூசை வைக்கும் குரு ஒரு பூசையின் காணிக்கையை மட்டும் தனக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது 951. கிறிஸ்து பிறப்பு நாள் மட்டும் விதிவிலக்கு. எழுதி வைப்பதில் நன்மையும் உண்டு, ஆளுக்கொரு தொகை கேட்க முடியாது. ஒன்றும் கொடுக்க முடியாத பாட்டியின் கருத்தை அந்த அலுவலகத்தில் முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்கிறார்களா என்று பாருங்கள்.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் பட்ட சூடு இருக்கிறது. 1517-ல் சீர்திருத்தவாதி லூத்தரைக் கொதிக்க வைத்தது டெட்செல் என்ற துறவி விற்ற பாவமன்னிப்புச் சீட்டு. அந்தப் பணத்தில் பாதி ரோமில் பேதுரு பேராலயத்துக்கு. மறுபாதி, மைன்ஸ் பேராயர் பதவிக்காக ஆல்பிரெக்ட் பட்ட கடனை ஃபுகர் வங்கிக்கு அடைக்க. சீட்டு விற்கிற இடத்திலேயே வங்கியின் ஆளும் நின்றார். வங்கிக்காரனாக எனக்கு அந்த ஆளின் முகம்தான் அடிக்கடி மனதில் வரும். 1567-ல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் காசோடு சேர்ந்த அத்தகைய சலுகைகளையெல்லாம் ரத்து செய்தார்.

கேள்வி: நான் கீபோர்டு வாசிக்கிறேன். சொந்தப் பாடல்களை யூடியூபில் போட்டு விளம்பர வருமானம் வருகிறது. "ஆராதனையை விற்கிறாயா?" என்கிறார்கள்.

பதில்: ஸ்டுடியோ வாடகை, மிக்சிங், தபேலா வாசித்தவர் கூலி, இதெல்லாம் பரலோகத்திலிருந்து வராது தம்பி. பாட்டை யாரும் காசில்லாமல் கேட்கலாம், அந்த அளவில் என் சோதனையில் நீங்கள் பாஸ். ஆனால் பாட்டுக்கு நடுவில் ரம்மி விளம்பரம் வந்தால்? அதை என் சோதனை பிடிக்காது. அந்த வகை விளம்பரங்களைத் தடுக்க யூடியூப் செட்டிங்கில் வழி இருக்கிறது, செய்துவிடுங்கள்.

மேல்நாட்டில் சபைகள் பாடல் உரிமைக்கு வருடக் கட்டணம் கட்டுகின்றன. அதற்கென்றே 1988-ல் சி.சி.எல்.ஐ. என்ற நிறுவனம் வந்தது. கட்டணம் சபையின் அளவைப் பொறுத்தது. எழுதியவருக்குக் கஞ்சி ஊற்றும் ஏற்பாடு, எனக்கு அதில் கோபமில்லை. எதிர்ப்பக்கத்தில் கீத் கிரீன் என்று ஒரு பாடகர் இருந்தார். இசை நிறுவன ஒப்பந்தத்திலிருந்து விலகி, வீட்டை அடமானம் வைத்து, 1980-ல் வந்த ஆல்பத்தை "முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் சும்மா வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பினார். அழகான காரியம். ஆனால் எல்லாரும் வீட்டை அடமானம் வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: இயேசு எருசலேம் ஆலயத்தில் காசு மாற்றுகிறவர்களின் பலகைகளைக் கவிழ்த்தாரே, நாம் ஆலய வளாகத்திலேயே அறுப்பின் பண்டிகை (அறுவடைத் திருவிழா) ஏலம் போடுகிறோமே?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. அந்த ஏலத்தில் நான் பல வருடம் சீட்டு எழுதியிருக்கிறேன். ஒரு பூசணிக்காய் இரண்டாயிரத்துக்குப் போகும். வாங்கியவர் அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுப்பார். இன்னொருவர் மூவாயிரத்துக்கு எடுப்பார். ஒரே சேவல் நாலு முறை விற்றதும் உண்டு, சேவலுக்கே அலுத்துப்போகும்.

எருசலேமில் மாற்றிய காசும் விற்ற பலிமிருகமும் வழிபாட்டுக்கு அவசியமானவை. வரி கட்டக் குறிப்பிட்ட வெள்ளிக்காசு வேண்டும். வெளியூர்க்காரர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு வரமுடியாது. பின் கோபம் எதற்கு? மாற்கு, புறா விற்கிறவர்களின் ஆசனங்களைக் குறிப்பாகச் சொல்கிறார். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களின் பலி புறா; இயேசுவின் தாய் அவரைப் பெற்றபின் செலுத்தியதும் அந்த வகைதான். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு சம்பவம் இருக்கிறது. எருசலேமில் ஒரு ஜோடிப் புறா ஒரு பொன் தினாருக்கு ஏறிவிட்டது. ராபான் சிமியோன் பென் கமாலியேல் என்ற போதகர், விலை இறங்காமல் இன்று தூங்கமாட்டேன் என்று ஆலயத்தின்மேல் ஆணையிட்டு, பெண்கள் செலுத்த வேண்டிய பலிகளின் எண்ணிக்கையையே குறைத்துத் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கே விலை வெள்ளிக் காசுக்குச் சரிந்தது. பக்தியைக் கட்டாயமாக்கினால் விலை எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஏலத்தில் கட்டாயம் இல்லை. விளையாட்டும் சிரிப்பும் உண்டு, சில ஊர்களில் அந்தப் பணத்தில்தான் ஆலயக் கூரை நிற்கிறது. எனக்கு உறுத்துவது ஒன்றே: தோட்டத்து முருங்கைக்காய் ஒரு கட்டைக் கொண்டுவந்த கிழவி பின்னால் நிற்க, மைக்கில் இரண்டாயிரம் ரூபாய்க்காரர் பெயர் மட்டும் நாலு தரம் ஒலிக்கிறது.

கேள்வி: கடைக்கு "யெகோவாயீரே" (கர்த்தர் பார்த்துக்கொள்வார்) என்று பெயர் வைக்கலாமா?

பதில்: வையுங்கள். தராசு சரியாக இருக்கட்டும்.

கேள்வி: சபைக்குள்ளேயே ஒரு சகோதரர் சீட்டு பிடிக்கிறார். ஜெபித்துத்தான் தொடங்குகிறார்.

பதில்: ஜெபம் பதிவுச் சான்றிதழ் ஆகாது. பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் நியூ எரா என்ற அறக்கட்டளை, கொடுத்த பணம் ஆறே மாதத்தில் இரட்டிப்பாகும் என்று கிறிஸ்தவக் கல்லூரிகளையும் ஊழியங்களையும் நம்பவைத்தது. பெயர் வெளியிட விரும்பாத தருமவான்கள் ஈடு கொடுப்பதாகச் சொன்னார்கள். அப்படி யாருமே இல்லை, 1995-ல் சரிந்தது. படித்த பேராசிரியர்களும் ஏமாந்தார்கள். "நம்ம சபைக்காரர்" என்பதால்தான் யாரும் தாளைக் கேட்கவில்லை.

கேள்வி: சபையில் கணக்குக் கேட்டால் "பிசாசின் ஆவி" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுலே தனியாக எடுத்துக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட வைத்துக்கொண்டார், ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8). அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாம் குழு 1948-ல் மொடெஸ்டோ என்ற ஊரில் உட்கார்ந்து எடுத்த தீர்மானங்களில் பணம் முக்கியமானது. கூட்டத்தில் உருக்கமாகப் பேசிக் காணிக்கை பிழிவதைக் கைவிட்டார்கள். பின்னால் அவருக்கு நிர்வாகக் குழு நிர்ணயித்த சம்பளம்தான். அவர்களை யாரும் பிசாசு பிடித்தவர்கள் என்று சொல்லவில்லை.

தனியாகக் கேட்காதீர்கள். நாலு பேர் கையெழுத்துப் போட்டு, ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். "யார் திருடினார்?" என்று கேட்காதீர்கள், "யார் எண்ணுகிறார்கள், எத்தனை பேர், எந்த நோட்டில்?" என்று கேளுங்கள்.

கேள்வி: கோபிக்காதீர்கள் ஐயா. பதினெட்டு வருடத்தில் நீங்கள் காணிக்கையில் கை வைத்ததே இல்லையா?

பதில்: வைத்திருக்கிறேன். முதல் வருடம், மழை நாள், எண்ண வேண்டிய இன்னொருவர் வரவில்லை. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை. பையிலிருந்து நூற்றிருபது ரூபாய் எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை திரும்ப வைத்தேன். தொகை சரியாகவே இருந்தது, நோட்டில் எதுவும் எழுதவில்லை. மறுவாரம் சேகரக் கமிட்டியில், இரண்டு பேர் இல்லாமல் பையைத் திறக்கக்கூடாது என்று நான்தான் தீர்மானம் கொண்டுவந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.