பல ஆண்டுகளாகப் பேச்சு விட்டுப்போன கல்லூரித் தோழிக்கு இப்போது செய்தி அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். "இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று நினைப்பாரோ, தொந்தரவாக இருக்குமோ" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே தயக்கத்தை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கி லியூவும் சக ஆய்வாளர்களும் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 5,900க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற தொடர் பரிசோதனைகள் அவை. சிலவற்றில், கொஞ்ச காலமாகப் பேசாத ஒருவருக்கு மாணவர்கள் சிறு குறிப்பு எழுதி அனுப்பினார்கள். பெறுபவர் அதை எவ்வளவு மதிப்பார் என்று அனுப்பியவரிடமும், எவ்வளவு மதித்தீர்கள் என்று பெற்றவரிடமும் கேட்டார்கள். அனுப்பியவர்கள் குறைத்தே கணித்திருந்தார்கள். பெற்றவர் மனம் "எதிர்பாராமல் வந்ததே!" என்ற வியப்பில் இருக்கிறது, அனுப்பியவர் அந்த வியப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நீங்கள் பெரிய குறையாக நினைக்கும் அந்த நீண்ட இடைவெளிதான் உங்கள் செய்திக்கு மதிப்பைக் கூட்டப்போகிறது.

பெறுபவர் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். விடுதியில் என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திடீரென்று அழைத்தான். "விஷயம் ஒன்றுமில்லை. பழைய படம் ஒன்று கிடைத்தது, மொட்டை மாடியில் நீ லுங்கி காயப்போட்டுக்கொண்டு நிற்கிறாய்" என்றான். சாப்பிட்ட கை காய்ந்துபோகும் வரை பேசிக்கொண்டிருந்தோம். இத்தனை நாள் ஏன் அழைக்கவில்லை என்ற எண்ணம் எனக்கு ஒரு கணம்கூட வரவில்லை.

இவ்வளவு தெரிந்தும் கை எழாது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உளவியலாளர்கள் லாரா அக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ரம் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு மீண்டும் பேச விரும்பியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடர்பு விவரம் கையில் இருந்தது. எழுதி அனுப்ப அங்கேயே நேரமும் கொடுத்தார்கள். அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காலம் போகப் போகப் பழைய நண்பரும் அந்நியரைப் போல ஆகிவிடுகிறார் என்கிறார்கள். ஆனால் முதலில் சில நிமிடங்கள், இப்போது பழக்கத்தில் இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பழைய நண்பருக்கும் அனுப்பிவிட்டார்கள். நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். தங்கைக்கோ அலுவலகத் தோழிக்கோ நாலு வரி அனுப்புங்கள். அந்தச் சூட்டிலேயே கல்லூரித் தோழிக்கும் எழுதிவிடுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் செய்த ஆய்வுகள். நம் ஊரில் திடீர் அழைப்பு என்றால் கடன், காப்பீட்டுப் பாலிசி, கல்யாணப் பத்திரிகை என்று மனம் முதலில் அங்கேதான் ஓடும். ஆகவே காரியம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மேலும், நான் சொல்வதெல்லாம் தானாக விட்டுப்போன நட்புக்குத்தான். மனக்காயத்தோடு பிரிந்திருந்தால் அதை வேறு விதமாக யோசிக்க வேண்டும்.

"நம் கல்லூரிப் பக்கம் போயிருந்தேன். நூலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடை இன்னும் இருக்கிறது. உன் நினைவு வந்தது. வேறு விஷயம் எதுவும் இல்லை." இப்படி நாலு வரி போதும். இத்தனை வருடம் பேசாததற்கு மன்னிப்பும் விளக்கமும் எழுதத் தொடங்கினால், பதில் சொல்வது அவருக்கும் பாரமாகிவிடும்.

பதில் வந்ததும் அழைத்துப் பேசுங்கள். ஆய்வாளர்கள் அமித் குமாரும் நிக்கலஸ் எப்ளியும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பருக்கு மின்னஞ்சல் எழுதுவதைவிடத் தொலைபேசியில் பேசுவது சங்கடமாக இருக்கும் என்றுதான் பலர் எண்ணினார்கள். பேசிப் பார்த்தபோது மின்னஞ்சலைவிடச் சங்கடம் கூடவில்லை, நெருக்கம் மட்டும் கூடியிருந்தது.