சின்னக் கைவேலை ஒன்று ஆன்மிகப் பயிற்சியாக மாறுமா?

ஓவியம், பின்னல் மாதிரி ஒரு சின்னப் பொழுதுபோக்கு உண்மையில் ஆன்மிகப் பயிற்சி ஆகுமா, அல்லது அப்படிச் சொல்லி நம்மை நாமே ஏமாற்றுகிறோமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த கைவேலை பூமாலை கட்டுவது ஒன்றுதான். அதை வைத்தே சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பக்திமான் என்று என்னை யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் மாலை கட்டிவந்த ஆச்சிக்குக் கை நடுங்கத் தொடங்கியதும், "போய்க் கொஞ்சம் உதவி செய்" என்று அம்மா அனுப்பிவைத்தார். ஆறு வருடமாகிறது.

ஊறவைத்த வாழைநாரை இடக்கையில் பிடித்து, இரண்டு நந்தியாவட்டை இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து ஒரு சுருக்கு. இவ்வளவுதான் வேலை. ஆனால் இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் பூ நழுவும். நான் கட்டிய முதல் மாலை தீபாராதனை நேரத்திலேயே அவிழ்ந்து பிள்ளையாரின் மடியில் விழுந்தது. ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சிதான், "உது மாலையில்லைத் தம்பி, கொடிக் கயிறு" என்றார். பச்சை நிறத்துக்காகத் துளசியை எடுத்தபோதும் கையைத் தட்டிவிட்டார். பிள்ளையாருக்குத் துளசி ஆகாது, அறுகம்புல் வை என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் ஒரு தட்டம் நிறைய மல்லிகை வந்திருந்தது. கையில் எடுத்ததும் மூக்குக்குக் கொண்டுபோனேன். "மணந்து பாக்காதை. அது இனி உன்ர பூ இல்லை" என்றார் ஆச்சி. புதிய செய்தி ஒன்றும் இல்லை. மணந்த பூ, புழு கடித்த பூ, சிலந்தி இழை பட்ட பூ, தானாக விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்று சின்ன வயதிலேயே கேட்டதுதான். ஆனால் ஒரு மணி நேரம் மல்லிகைக்குள் கையை வைத்துக்கொண்டு, அதை முகத்துக்குக் கொண்டுபோகாமல் இருந்து பாருங்கள். காற்றில் வருகிற வாசத்தை யாரும் தடுக்க முடியாது, அது வரட்டும். நாமாகப் போய் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். கை எத்தனை தரம் தன்பாட்டில் மேலே எழும்புகிறது என்று அன்றுதான் கண்டேன்.

நூலில் ஆதாரம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 63 நாயன்மாரில் ஒருவரான திருப்புகலூர் முருக நாயனார் செய்த தொண்டே மாலை கட்டுவதுதான். மரத்துப் பூ, நிலத்துப் பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்று அவர் பறித்ததையும், கோவை, இண்டை, கண்ணி, பிணையல், தொங்கல் என்று வகைவகையாகக் கட்டியதையும் சேக்கிழார் வரிசையாகச் சொல்கிறார். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் சரியைத் தொண்டுகளில், அதாவது உடம்பால் செய்யும் தொண்டுகளில், கோயிலைக் கூட்டி மெழுகுவதோடு பூக் கொய்து மாலை கட்டுவதையும் சேர்க்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒரு வேலை நம்மை மாற்றிவிடாது. முதல் இரண்டு வருடம் நானே அதற்குச் சாட்சி. மாலை கட்டி முடிந்ததும் போனில் படம் எடுத்து, ரொறன்ரோவில் இருக்கும் உறவினர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சாமிக்குச் சாத்தும்போது என் கண் போனில்தான்.

அப்புறம் ஒரு காலையில் நிர்மாலியம் எடுத்துப்போட ஆள் வரவில்லை. முதல்நாள் பூக்களை நானே அள்ளிக்கொண்டுபோய், கால் படாத இடமாக வில்வமரத்தடியில் கொட்டினேன். அதில் என் மாலையும் கிடந்தது. இதழெல்லாம் பழுப்பாகிச் சுருண்டிருந்தது, முடிச்சுகள் மட்டும் ஒன்றும் குலையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு படம் எடுப்பது தானாகவே குறைந்துபோனது. சபதம் எல்லாம் எடுக்கவில்லை.

எனக்கு மந்திரம் தெரியாது. தேவாரம் பாடினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதனாலோ என்னவோ, தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போனால் மனது நிறைகிறது. அங்கே பூசை செய்பவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் மௌனமாகவே பூசை செய்வார். வேலை முழுவதும் கைக்குத்தான்.

ஆகவே, ஓவியமோ பின்னலோ, உங்களுடைய கைவேலையில் அந்த "மணந்து பாக்காதை" எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எனக்கு அது மூக்கிலும் போனிலும் இருந்தது. உங்களுக்கு வேறெங்காவது இருக்கும்.

ஆச்சி இப்போது கோயிலுக்கு வருவதில்லை. முந்தாநாள் இரவு நல்ல மழை, விடியப் போய் ஆய்ந்தபோது இருபது பூக்கூடத் தேறவில்லை. முன்பென்றால் எரிச்சல் வந்திருக்கும். சின்னதாக ஓர் இண்டை கட்டி ஐயரிடம் கொடுத்துவிட்டு, நேரத்துக்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.