தொலைநிலையில் காட்சிக்கலை முதுகலை: பணம் கட்டும் முன்

காட்சிக்கலையில் முதுகலைப் பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியாகப் படிப்பது குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களைச் சுருக்கி, பதில்களுடன் தருகிறேன்.

கேள்வி: மூன்று நாட்களுக்குள் முழுக் கட்டணத்தையும் செலுத்தினால் பாதித் தள்ளுபடி என்று தொலைபேசியில் தினமும் அழைக்கிறார்கள். சேரலாமா?

பதில்: வேண்டாம். முதுகலை மாணவரைச் சேர்க்கும் முன் அவருடைய படைப்புகளைப் பார்க்கக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கும் நிறுவனத்தில் ஒருநாளும் சேராதீர்கள்.

கேள்வி: நான் பார்த்து வைத்துள்ள ஒரு படிப்பில் முந்நூறு காணொளிப் பாடங்கள் இருக்கின்றன; மற்றொன்றில் நாற்பதுதான். கட்டணம் ஏறக்குறைய ஒன்றே. முதலாவதுதானே லாபம்?

பதில்: இந்தக் கணக்கு எனக்கு நெடுநாளாக வருத்தம் தருகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதுகலை நிலையில் ஒரு கலை மாணவர் தம் படைப்பைத் தேர்ந்த கண்ணுடைய ஒருவர் தொடர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே பணம் கட்டுகிறார். வண்ணம் கலப்பதையும் தூரிகையைக் கையாள்வதையும் காணொளியில் கற்கலாம். அவை பெரும்பாலும் இளங்கலையிலேயே கைவந்திருக்க வேண்டியவை. இந்தத் தொடரில் மூன்றாவது ஓவியத்துக்குப் பிறகு நீங்கள் புதிதாக எதையும் தேடவில்லை என்று சொல்லி, அதற்கான காரணத்தையும் காட்டும் ஆசிரியரும், அதே ஓவியத்தை வேறு விதமாகப் பார்க்கும் சக மாணவர்களும்தான் இப்போது உங்களுக்குத் தேவை. ஒரு காணொளியை ஒரு முறை பதிவு செய்துவிட்டால் பல ஆண்டுகள் விற்கலாம். ஆசிரியரின் நேரத்துக்கோ ஒவ்வொரு மாணவருக்காகவும் தனித்தனியே சம்பளம் கொடுக்க வேண்டும். விளம்பரங்கள் காணொளிகளை எண்ணிக் காட்டுவதும், ஆசிரியரின் நேரத்தைப் பற்றி வாய் திறக்காததும் இதனால்தான்.

மணிக் கணக்கைக் காட்டினாலும் கவனமாகப் படியுங்கள். பிரிட்டனில் முதுகலைப் பட்டம் என்பது வழக்கமாக 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேரப் படிப்பு. ஆக மொத்தம் 1800 மணி நேரம். ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். இரண்டிலுமே நீங்கள் வீட்டில் தனியாக வரைவதும் வாசிப்பதும் எழுதுவதும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. ஆகவே, அந்த மணிகளில் ஆசிரியர் உங்களுடன் நேரடியாகப் பேசும் நேரம் எவ்வளவு, அவர் பொறுப்பில் எத்தனை மாணவர்கள், ஒப்படைத்த படைப்புக்கு எழுத்துவடிவ விமர்சனம் எத்தனை நாட்களில் வரும், குழு விமர்சனம் ஒரு பருவத்துக்கு எத்தனை முறை நடக்கும், விளம்பரத்தில் முகம் காட்டும் கலைஞர்கள் உண்மையிலேயே வழிகாட்டுகிறார்களா அல்லது ஒரு சொற்பொழிவோடு போய்விடுகிறார்களா என்றெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே பெறுங்கள். நான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிச் சேர்ந்த ஒரு பதிப்போவியப் (தகட்டிலோ கட்டையிலோ உருவம் செதுக்கித் தாளில் அச்சிடும் கலை) பயிற்சியில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு படைப்புகளுக்கு ஒரே வாசகங்கள் விமர்சனமாக வந்தன. புகார் எழுதியபோது, காணொளிகள் அனைத்தும் வழங்கப்பட்டுவிட்டதால் பணம் திரும்பாது என்றார்கள். மாணவரின் உழைப்பைப் பார்க்காமலே மதிப்பெண் இடுவது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத அநியாயமாகவே தோன்றுகிறது. உங்களுக்கு வரும் பதில்களில் ஆசிரியரின் நேரம் எங்கே கூடுதலோ அங்கே சேருங்கள்.

கேள்வி: பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் தவணை கட்டி இணையவழியில் முதுகலை முடித்தேன். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது பட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். நிறுவனத்தைக் கேட்டால், சர்வதேச அங்கீகாரமும் அப்போஸ்டில் முத்திரையும் இருக்கிறதே என்கிறது.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்துப்போனது. வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் உழைத்த உங்கள்மீது எந்தக் குறையும் இல்லை. நம்பும்படியாகத் திட்டமிட்டே ஏமாற்றியிருக்கிறார்கள். அப்போஸ்டில் என்பது 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி, ஓர் ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும் சான்றளிப்பது. அந்த ஆவணத்தில் எழுதியிருப்பது சரியா, அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அங்கீகார அமைப்பு என்ற பெயரிலும் போலிகள் உண்டு. பட்டத்தை விற்பவர்களே அத்தகைய அமைப்பையும் தொடங்கி வைத்திருப்பார்கள்.

முதலில், நிறுவனத்தின் விளம்பரங்கள், மின்னஞ்சல்கள், தவணை ரசீதுகள் அனைத்தையும் நகலெடுத்து வையுங்கள். அவர்களுடைய தளத்திலுள்ள பக்கங்கள் ஒரே இரவில் மறைந்துவிடக்கூடும். தவணையை அட்டை மூலம் கட்டியிருந்தால் இன்றைக்கே பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் எதிர்ப்புப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் கடைசித் தவணைகளுக்காவது பலன் கிடைக்கலாம். அதன் பிறகு, பட்டம் செல்லாது என்று உங்களிடம் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் அமைப்பிலும் நுகர்வோர் மன்றத்திலும் புகார் கொடுங்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் படைத்தவை உங்களுக்கே சொந்தம். அந்தத் தொகுப்பின் பலத்தில் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் முறையான பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பட்டம் என்றால், ஐரோப்பாவிலும் அதற்கு வெளியே சில நாடுகளிலும் பட்ட அங்கீகாரத்தைப் பற்றித் தகவல் தருவதற்கென்றே இயங்கும் எனிக்–நாரிக் மையங்களிடம், படிப்பில் சேரும் முன்பே கேளுங்கள். வேலைக்காகப் படிப்பவர்கள், வேலை தருபவரிடமும் அந்தப் பட்டத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் பதில் பெறுங்கள்.

கேள்வி: எம்.ஏ., எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) இரண்டில் எதை எடுப்பது?

பதில்: கற்பிக்க விரும்பும் இடத்தில் எதைக் கேட்கிறார்களோ அதை. அமெரிக்கக் கல்லூரிகளில் படைப்புக் கலைக்கு எம்.எஃப்.ஏ.வே இறுதிப் பட்டமாக, அதாவது அத்துறையின் உச்சப் பட்டமாகக் கருதப்படுகிறது. அதற்குக் குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட் தேவை; இது மேலே சொன்ன பிரிட்டன் கிரெடிட்டிலிருந்து வேறுபட்ட அமெரிக்க அளவு.

கேள்வி: தொலைநிலை என்று நம்பிச் சேர்ந்தேன். இப்போது ஆண்டுக்கு இரு முறை நேரில் வந்து தங்க வேண்டும் என்கிறார்கள். விடுப்பும் இல்லை, பயணத்துக்குப் பணமும் இல்லை. கட்டணத்தைத் திரும்பப் பெறலாமா?

பதில்: நீங்கள் இணைத்து அனுப்பிய விவரக் கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. குறுகிய காலம் நேரில் கூடுவதும், மீதிக் காலம் வீட்டிலிருந்து படைப்பதும் அமெரிக்க எம்.எஃப்.ஏ. படிப்புகளில் நெடுநாளாக இருந்துவரும் முறை. பலருக்கு அந்தச் சில நாட்களே படிப்பின் மிகச் சிறந்த பகுதியாக அமைகின்றன. ஆண்டுக்கணக்கில் செலவிடப்போகும் ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் படிக்கப் பொறுமை வேண்டாமா? பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தொலைவிலிருந்து செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் பொதுவாக விலக்கிக்கொள்ளலாம். நீங்கள் கையெழுத்திட்டு இரண்டு மாதங்கள் ஆகின்றன. இப்போது கேட்கக்கூடியது சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கும் சலுகை மட்டுமே, இன்றே கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் தனி அறை இல்லை. எண்ணெய் வண்ணமும், தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் உலோகத்தகட்டுப் பதிப்பும் என் துறை. தொலைநிலையில் சமாளிக்க முடியுமா?

பதில்: கட்டணத்தைவிடப் பெரிய செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது, வளாகத்தில் பொதுவாகக் கிடைக்கும் அச்சு எந்திரமும், புகையை வெளியேற்றும் அமைப்பும், அமிலத் தொட்டியும் உங்களுக்குக் கிடையா. நைட்ரிக் அமிலத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது உலோகத்தை அரிக்கும்போது நச்சு வாயு எழும். செம்புத் தகட்டுக்கு ஃபெரிக் குளோரைடு போதும், அதற்கும் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், அவற்றைத் தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள உலோகக் கலத்தில் போடுங்கள். வாடகைக்குப் பதிப்புக்கூடம் கிடைக்குமா என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்த வாடகையையும் கட்டணத்தோடு கூட்டிப் பார்த்தே முடிவெடுங்கள்.

கேள்வி: மதிப்பீட்டுக்கு ஓவியங்களைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். விலை உயர்ந்த கேமரா வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள். ஓரளவு நல்ல கைபேசியும் முக்காலியும், நிறங்களைச் சரியாகக் காட்டும் ஒரே வகை விளக்குகள் இரண்டும் இருந்தால் போதும். விளக்குகளை ஓவியத்துக்கு இருபுறமும் 45 பாகையில் வைத்து, சன்னலை மூடி, நிறத்தைப் பின்னர் சரிபார்க்க ஓரத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்துப் படமெடுங்கள். பணம் மீதமிருந்தால் திரையின் நிறத்தைச் சரிசெய்யும் கருவிக்குச் செலவிடுங்கள். நிறம் பிசகாது என்ற உறுதியோடு எனக்கு விற்கப்பட்ட ஒரு திரை எல்லாச் சிவப்பையும் மிகைப்படுத்திக் காட்டியது. அதைப் பார்த்துத் திருத்திய படங்கள் அச்சில் மங்கிப்போயின. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. முழு ஓவியத்தின் படத்தோடு, அளவு புரியும்படி அறையில் வைத்து எடுத்த ஒன்றையும், தூரிகைத் தடம் தெரியும்படி அருகில் எடுத்த ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.