தங்க ஃபாயிலில் போடோனி: காணாமல் போகும் மெல்லிய கோடுகள்

கேள்வி: மகளின் கல்யாண அழைப்பிதழில் ஆங்கிலப் பெயர்களை போடோனி எழுத்துருவில், தங்க ஃபாயிலில் அடிக்கச் சொன்னோம். போனில் அழகாக இருந்தது. சாம்பிள் கார்டிலோ ‘எச்’ எழுத்து இரண்டு தூணாக நிற்கிறது, நடுக்கோட்டைக் காணோம். "ஃபான்ட் கோளாறு, பிரீமியம் ஃபான்ட் வாங்கணும்" என்று ஏஜென்ட் கூடுதல் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? - வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கொடுக்காதீர்கள். எழுத்துருவில் கோளாறே இல்லை. எழுத்தின் அளவு அச்சு முறைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இத்தாலியின் பார்மா நகரில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாம்பாத்திஸ்தா போடோனி என்ற அச்சுக்கலைஞர் செதுக்கிய எழுத்துகள் இவை. குத்துக்கோடு தடிமன், குறுக்குக்கோடு மயிரிழை. அழகே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மெல்லிய கோடு எழுத்தளவில் 2% என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 பாயின்டில் அது வெறும் 0.11 மி.மீ. சூடான அச்சுக்கட்டை அழுத்தும்போது அவ்வளவு மெல்லிய கோட்டில் ஃபாயில் பிடிக்காது. சொரசொரப்பான கார்டு என்றால் இன்னும் மோசம். 0.3 மி.மீ.க்குக் குறைந்தால் நம்ப முடியாது. அதற்கு 44 பாயின்ட் வேண்டும். பெரிய எழுத்து சுமார் 1 செ.மீ. உயரம் வரும். பெயர்களுக்கு அது தாராளமாகப் பொருந்தும். வழவழப்பான கார்டாகத் தேர்ந்தெடுங்கள். ஆலயம், மண்டபம், நேரம் போன்ற விவரங்களைத் தடிமன் சீரான வேறு எழுத்தில், ஃபாயில் இல்லாமல் ஒரே மையில் அடியுங்கள்.

சின்ன எழுத்தும் போடோனியாகவே வேண்டுமானால் ஒரு வழி உண்டு. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவையும் தனித்தனியாகச் செதுக்கினார்கள். சின்ன அளவில் மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிப்பாக விட்டார்கள். கணினியில் கிடைக்கும் பல போடோனிகள் பெரிய அளவுக்கு வரைந்ததையே சுருக்கித் தருபவை. ‘போடோனி மோடா’ அப்படியல்ல. அளவுக்கேற்ப கோட்டின் தடிப்பு மாறும், கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஆனால் டி.டி.பி. சென்டரில் இருப்பது பழைய மென்பொருளானால் இந்த மாற்றம் வேலை செய்யாது. புதிய மென்பொருளில் அளவை அமைத்து, எழுத்துகளை ‘கர்வ்’ ஆக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி, பி.டி.எஃப். ஆகக் கொடுக்கச் சொல்லுங்கள். இதிலும் ஃபாயில் வேண்டாம், கறுப்பு மை மட்டும்.

"ஸ்ட்ரோக் கொடுத்துத் தடிப்பாக்கிடலாம்" என்பார்கள், அதாவது எழுத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு சேர்ப்பது. சம்மதிக்காதீர்கள். தடித்த கோடும் சேர்ந்து வீங்கும், ஆங்கிலச் சிறிய ‘ஈ’, ‘ஏ’ எழுத்துகளின் கண் (உள்ளே இருக்கும் வெற்றிடம்) அடைபடும்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டர் எடுப்பது இங்கே, அடிப்பது சிவகாசியில். தப்பு வந்தால் இவர் அவரைச் சொல்வார், அவர் இவரைச் சொல்வார். ஆலயத்தில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தாகிவிட்டது, நாள் நெருங்குகிறது என்ற உங்கள் அவசரம்தான் இவர்களுக்கு மூலதனம். வாட்ஸ்அப் படத்தைக் காட்டி ‘ஓகே’ வாங்கிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் ஃபாயிலும் தெரியாது, அளவும் தெரியாது. இதையெல்லாம் ப்ரூஃப் என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் எப்போதுதான் ஒழியுமோ!

முதலில் 100% அளவில் காகிதத்தில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். பிறகு, நீங்கள் தேர்ந்தெடுத்த அதே கார்டில் ஃபாயில் அடித்த ஒரு சாம்பிளைக் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் ‘எச்’, ‘ஏ’, ‘ஈ’ மூன்றின் நடுக்கோடும் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, அதே கார்டின் பின்புறம் தேதியோடு கையெழுத்துப் போட்டு, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பாக்கிப் பணத்தை அதற்குமுன் கொடுக்க வேண்டாம்.