லினக்ஸில் வைஃபை வரவில்லையா? முதலில் சிப் எண்ணைப் பாருங்கள்

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள்.

பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டேன். எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் காணோம். நண்பனுடைய அரசு லேப்டாப்பில் வேலை செய்த கட்டளைகள் என்னுடையதில் எடுபடவில்லை. (பெரம்பூர்)

இலவச லேப்டாப் திட்டம் 2011-இல் தொடங்கியது. அதில் வந்தவை பல கம்பெனி மாடல்கள், உள்ளே இருக்கும் வைஃபை சிப்பும் வேறு வேறு. அதனால் நண்பனின் மருந்து உங்களுக்குச் சேராது.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, அதை ஒட்டியே என்என்கே என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரியின் கடைப்பக்கம், சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்து இருக்கும். முதல் நான்கு, சிப் செய்த கம்பெனி: 8086 என்றால் இன்டெல், 168சி என்றால் குவால்காம் ஏதெராஸ், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம். அடுத்த நான்கு, சிப்பின் மாடல். அதற்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருந்தால் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) ஏறிவிட்டது, கோளாறு வேறிடம். அந்த வரியே இல்லையென்றால் டிரைவர்தான் குறை.

14இ4 வந்தால் டிரைவரை இறக்க நெட் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி, போன் செட்டிங்ஸில் ‘யுஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் கனெக்‌ஷனாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்களில் அந்த நெட்டே வரும், சிம் டேட்டா கரையாது. சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிள் இதற்கு ஆகாது. பிறகு மின்ட்டின் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்து, பிசிஎம்டபிள்யூஎல் என்று தொடங்கும் டிரைவரைத் தேர்ந்தெடுத்து, மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உபுண்டுவில் இதே வேலைக்கு ‘அடிஷனல் டிரைவர்ஸ்’.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய யுஎஸ்பி வைஃபை டாங்கிள், சிடி டிரைவ் மாதிரி திறக்கிறது. வைஃபை வரவில்லை. (சேப்பாக்கம்)

டாங்கிள் கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் டிரைவரைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, முதலில் சிடியாக நிற்கிறது. எல்எஸ்யுஎஸ்பி என்று தட்டினால் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண் தெரியும். ஃபைல் மேனேஜரில் அந்தச் சிடியை ‘எஜெக்ட்’ செய்து, மறுபடி எல்எஸ்யுஎஸ்பி தட்டுங்கள். எண் மாறியிருந்தால் உண்மையான சிப் வெளியே வந்துவிட்டது. யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜை நிறுவினால் இந்த மாற்றம் தானாக நடக்கும்.

அடுத்தது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. ரியல்டெக்கின் 8821சியூ, 8822பியூ சிப்களுக்கான டிரைவர் 6.2 கெர்னலிலிருந்து உள்ளேயே இருக்கிறது. யுநேம், இடைவெளி, சிறு கோடு, ஆர் என்று தட்டினால் உங்கள் கெர்னல் எண் வரும். அதைவிடப் பழையது என்றால், யாரோ எழுதிய டிரைவரை இறக்கி கம்பைல் செய்வதைவிட (மூல நிரலிலிருந்து நாமே தயாரிப்பதைவிட) உபுண்டு 24.04-க்கு மாறுங்கள். கையால் கம்பைல் செய்த டிரைவர் அடுத்த கெர்னல் அப்டேட்டில் விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இனி வாங்குபவர்கள் பெட்டி மேல் உள்ள பெயரை நம்ப வேண்டாம். டிபி-லிங்க் 722என் டாங்கிளின் முதல் வெர்ஷனில் ஏதெராஸ் சிப், சொருகியதும் ஓடும். இரண்டாம் வெர்ஷனில் ரியல்டெக். பெயரும் பெட்டியும் ஒன்றுதான், பின்பக்க ஸ்டிக்கரில் ‘வெர்’ என்ற சின்ன எழுத்துக்குப் பக்கத்திலுள்ள எண்தான் வித்தியாசம். மீடியாடெக்கின் 7610யு, 7612யு சிப்கள் உள்ளவை புதியவர்களுக்குத் தொல்லை தராதவை. லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே சொருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

டிரைவர் நிறுவினேன். ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று பிழை வருகிறது. (அம்பத்தூர்)

செக்யூர் பூட் தடுக்கிறது. கையொப்பம் சரிபார்க்கப்படாத டிரைவரை ஏறவிடாத பாதுகாப்பு அது. டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி, ‘என்ரோல் மோக்’ தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் மெஷின் நேராக உள்ளே போய்விடும், டிரைவர் ஏறாது. தவறவிட்டவர்கள் பேக்கேஜை நீக்கி மறுபடி நிறுவுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க அவசியமில்லை.

டிரைவர் ஏறியிருக்கிறது, ஆனால் வைஃபை ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது. (தாம்பரம்)

ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டுங்கள். ‘சாஃப்ட் பிளாக்டு’ எதிரே ‘யெஸ்’ என்றால் சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் என்று தட்டுங்கள். ‘ஹார்டு பிளாக்டு’ எதிரே ‘யெஸ்’ என்றால் கீபோர்டிலோ ஓரத்திலோ உள்ள வைஃபை பட்டனை ஆன் செய்யுங்கள். விண்டோஸும் கூடவே இருந்தால், அதில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிடுங்கள். பாதி உறக்கத்தில் விடப்பட்ட கார்டை லினக்ஸால் எழுப்ப முடியாமல் போவதுண்டு.

சில நிமிடத்துக்கு ஒருமுறை நெட் தொங்குகிறது. போனில் அப்படி இல்லை. (வேளச்சேரி)

பவர் சேவிங்தான் முதல் சந்தேகம். இடிசி ஃபோல்டருக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி. அங்கே பவர்சேவ் என்ற பெயர் கொண்ட ஃபைலில் 3 என்று இருப்பதை 2 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 3 என்றால் ஆன், 2 என்றால் ஆஃப்.

கார்டையே மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்கலாமா, ஏஎக்ஸ்211 வாங்கலாமா? (அண்ணா நகர்)

210. எண் பெரியது என்று 211-ஐ வாங்காதீர்கள். 211-இல் வைஃபை வேலையின் ஒரு பகுதியை இன்டெல் பிராசஸர் பக்கம்தான் செய்கிறது. அதற்கென வடிவமைத்த இன்டெல் மெஷினில் மட்டும்தான் அது ஓடும், ஏஎம்டி லேப்டாப்பில் உயிரே வராது. 210 சாதாரண எம்.2 ஸ்லாட்டில் (கார்டு சொருகும் இடத்தில்) இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் ஓடும், கெர்னல் 5.10 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். வாங்குமுன் பின்மூடியைத் திறந்து, பழைய கார்டு ஸ்க்ரூவில் நிற்கிறதா, போர்டோடு சால்டர் செய்யப்பட்டதா என்று பாருங்கள். சால்டர் என்றால் டாங்கிள்தான் வழி.

மாற்றும்போது முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஆன்டெனா வயரின் முனை அரிசிமணியைவிடச் சிறியது. சாய்த்து அழுத்தினால் நசுங்கும், அப்புறம் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். நேர் மேலிருந்து வைத்து, விரல் நுனியால் அழுத்தி, ‘டக்’ என்று உட்கார்ந்த பிறகே அடுத்த வயருக்குப் போங்கள்.