குளுக்கோஸ் ஒன்றுதான், படம் ஏன் மூன்று? கேள்வி பதில்

கல்லூரியில் கரிம வேதியியல் நடத்துகிறேன். சர்க்கரை மூலக்கூறை ஃபிஷர், ஹாவர்த், நாற்காலி என்று மூன்று விதமாக வரையும் படங்கள் குழப்புகின்றன என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படியுங்கள். வரைந்து பார்க்காமல் இது பிடிபடாது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: மிஸ், ஃபிஷர் படத்தில் சங்கிலி, ஹாவர்த் படத்தில் வளையம். எது உண்மையான குளுக்கோஸ்?

இரண்டும்தான் மா. ஆனால் தண்ணீரில் கரைந்த குளுக்கோஸில் ஆயிரத்துக்கு ஒன்றுகூடச் சங்கிலியாக இருக்காது. கார்பன்களைச் சங்கிலியின் மேலிருந்து எண்ணுங்கள்; ஐந்தாம் கார்பனின் ஓ.ஹெச். (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த குழு) வளைந்து வந்து முதல் கார்பனைப் பிடித்துக்கொள்ளும், வளையம் உருவாகிவிடும். அப்படியானால் சங்கிலிப் படம் எதற்கு? வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1891-ல் அதைக் கொண்டுவந்தபோது அவர் முன்னால் இருந்த கேள்வி வேறு. குளுக்கோஸ் வகையில் 16 சர்க்கரைகள் இருக்க முடியும். எதில் எந்த ஓ.ஹெச். எந்தப் பக்கம்? அதை ஒரே பார்வையில் காட்ட இன்றைக்கும் அந்தப் படம்தான் சுலபம். குளுக்கோஸுக்கு, இரண்டாம் கார்பனில் தொடங்கி: வலம், இடம், வலம், வலம்.

பி.எஸ்சி. மாணவர்: வலப்பக்கம் இருப்பது ஹாவர்த்தில் கீழே போகும் என்று மனப்பாடம் செய்தேன். ஐந்தாம் கார்பனில் ஓ.ஹெச். வலப்பக்கம்தான் இருக்கிறது, ஆறாம் கார்பன் மட்டும் ஏன் மேலே போகிறது?

தம்பி, எல்லாரும் வழுக்கும் இடம் இதுதான். வளையம் மூட வேண்டுமென்றால் ஐந்தாம் கார்பனின் ஆக்சிஜன் சங்கிலியின் கீழ்முனைக்கு வர வேண்டும். நான்காம் கார்பனோடு உள்ள பிணைப்பை அச்சாக வைத்து மற்ற மூன்றையும் சுற்றுங்கள். வலப்பக்க ஓ.ஹெச். கீழே வரும், கீழே இருந்த ஆறாம் கார்பன் இடப்பக்கம் போகும், இடப்பக்க ஹைட்ரஜன் வலப்பக்கம் வரும். இடம் என்றால் மேலே. உங்கள் விதி சரிதான், சுற்றுவதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

நீட் தேர்வுக்குப் படிப்பவர்: எல்-குளுக்கோஸ் வரைய ஐந்தாம் கார்பனின் ஓ.ஹெச்.சை மட்டும் இடப்பக்கம் மாற்றினால் போதுமா?

போதாது. ஃபிஷர் படத்தில் ஐந்தாம் கார்பனின் ஓ.ஹெச். வலப்பக்கம் இருந்தால் டி, இடப்பக்கம் இருந்தால் எல் என்பது சரிதான். ஆனால் அதை மட்டும் மாற்றினால் கிடைப்பது எல்-ஐடோஸ், அது வேறு சர்க்கரை. எல்-குளுக்கோஸ் என்பது டி-குளுக்கோஸின் கண்ணாடிப் பிம்பம். நான்கையும் மாற்ற வேண்டும்: இடம், வலம், இடம், இடம்.

பள்ளி ஆசிரியர்: ஃபிஷர் படத்தை 90 பாகை திருப்பக் கூடாது என்கிறோம். பிள்ளைகளுக்குக் காரணத்தை எப்படிக் காட்டுவது?

ஒரு களிமண் உருண்டையில் நான்கு ஈர்க்குச்சிகளைக் குத்துங்கள் சார். இடமும் வலமும் உள்ள குச்சிகள் பார்ப்பவரை அணைக்க வருவதுபோல் முன்னால் நீளட்டும். மேலும் கீழும் உள்ளவை பின்னால் சாயட்டும். நான்கு முனையிலும் நான்கு நிறக் களிமண் வையுங்கள். தாளில் உள்ள கூட்டல் குறிக்கு இதுதான் அர்த்தம். தாளை 90 பாகை திருப்பினால் முன்னால் வந்தவை பின்னால் போனதாகிவிடும். மூலக்கூறே கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடும். 180 பாகை திருப்பினால் கெடுதல் இல்லை. இது சிறுபிள்ளை வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1891 வசந்தத்தில் இத்தாலியின் போர்டிகெராவில் ஃபிஷர் இந்தச் சிக்கலைக் கொண்டுபோனபோது, வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் ரொட்டித்துண்டும் பல்குச்சியும் வைத்துத்தான் மாதிரி செய்து பார்த்தார்.

முதுகலை மாணவி: ஹாவர்த் இருக்கும்போது நாற்காலிப் படம் தேவையா அக்கா?

கட்டாயம் தேவை. ஹாவர்த் வளையத்தைத் தட்டையாகக் காட்டுகிறது. உண்மையில் அது மடிந்து நிற்கிறது. டி-குளுக்கோஸின் முதல் கார்பனில் ஓ.ஹெச். ஹாவர்த்தில் மேலே இருந்தால் பீட்டா, கீழே இருந்தால் ஆல்ஃபா. பீட்டா-டி-குளுக்கோஸை நாற்காலிபோல் மடிந்த வளையமாக வரைந்து பாருங்கள்: நான்கு ஓ.ஹெச்.சும் ஆறாம் கார்பனும் பக்கவாட்டில் விரிந்து, ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும். ஆல்ஃபாவில் முதல் கார்பனின் ஓ.ஹெச். மட்டும் செங்குத்தாகத் தொங்கும். கரைசலில் பீட்டா சுமார் 64 சதவீதம், ஆல்ஃபா 36 சதவீதம் என்று அமைவதன் முக்கியக் காரணம் அந்தப் படத்திலேயே தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான்.

இன்னொருவர்: சுக்ரோஸில் ஃபிரக்டோஸின் ஆறாம் கார்பன் கீழே தொங்குகிறதே, அது எல் வகையா?

இல்லை, டி-தான். சுக்ரோஸ் என்பது நாம் சமைக்கும் சர்க்கரை; குளுக்கோஸும் ஃபிரக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் இணைந்தது. குளுக்கோஸின் முதல் கார்பனோடு இணைய, ஃபிரக்டோஸின் இரண்டாம் கார்பன் இடப்பக்கம் வர வேண்டும். அதற்காக வளையத்தையே புரட்டிப்போட்டு வரைகிறார்கள். மேலே இருந்ததெல்லாம் கீழே, கீழே இருந்ததெல்லாம் மேலே. முதலில் கார்பன்களுக்கு எண் போடுங்கள், பிறகு மேல் கீழ் பாருங்கள்.

முதலில் கேட்ட மாணவி: முதல் கார்பனில் நெளிகோடு போட்டிருந்தால்?

ஆல்ஃபாவா பீட்டாவா என்று குறிப்பிடவில்லை, அல்லது இரண்டும் கலந்திருக்கிறது என்று பொருள் மா. கரைசலில் உள்ள குளுக்கோஸுக்கு அப்படிப் போடுவதுதான் நேர்மை.